ஸ்டீம் டெக்கை ஹால் டிவியில் போட எந்த டாக் வாங்குவது?

திருச்சியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். கல்லூரிப் பையன் ஒருவன் துணிப்பையோடு வந்தான். பைக்குள் ரோக் ஆலி என்ற கைக் கேம் கருவி ஒன்று, 100 வாட் சார்ஜர் ஒன்று, டாக் மூன்று. டாக் என்பது கருவியை டிவியோடும் சார்ஜரோடும் இணைக்கிற பெட்டி. "அண்ணே, மூணுமே டூப்ளிகேட் போல இருக்கு. எதுல போட்டாலும் டர்போ 30 வாட்டுக்குப் போகவே மாட்டேங்குது" என்றான். டர்போ என்பது ஆலியின் சிப் முழு வேகத்தில் ஓடும் நிலை. மூன்று டாக்குக்கும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறான். பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த காசு.

கடையில் ஒரு டைப்-சி மீட்டர் உண்டு. கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். சார்ஜருக்கும் கருவிக்கும் நடுவில் சொருகினால் வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றும் அதில் ஓடும். அவன் சார்ஜருக்கும் முதல் டாக்குக்கும் நடுவில் போட்டேன். 20 வோல்ட் வந்தது. ஆம்பியர் மட்டும் 2.9, 2.95 என்று ஏறி, 3-ஐத் தொடுவதற்குள் நின்றுவிட்டது. இரண்டாவது டாக்கிலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே. அவனுடைய வயரைக் கழற்றிவிட்டு, என் மேசையில் கிடந்த 5 ஆம்பியர் வயரைப் போட்டேன். 3.6 என்று காட்டியது. ஆலியின் திரையில் 30 வாட் வந்துவிட்டது.

மூன்று டாக்கும் நல்ல டாக்தான். ஏதோ போனுக்கு வாங்கிய வயரை வைத்துக்கொண்டு, அவன் டாக்கை மாற்றி மாற்றி வாங்கியிருக்கிறான். அந்த எட்டாயிரம் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. டாக் கேட்டு வருகிறவர்களிடம் நான் வாயால் சொல்வதையெல்லாம் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

என்னிடம் இருப்பது ஸ்டீம் டெக், வால்வ் கம்பெனியின் கைக் கேம் கருவி, பழைய எல்சிடி மாடல். அக்கா மகன் 2023-இல் அமெரிக்காவிலிருந்து வரும்போது கொண்டுவந்தான். அதை ஹால் டிவியில் போட்டு நானும் மகளும் விளையாடுகிறோம். அதனால் டெக்கை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். மற்ற கருவிகளுக்கு எங்கே கணக்கு மாறுகிறதோ அங்கே அதையும் சொல்கிறேன்.

டைப்-சி ஓட்டை இருந்தால் படம் வரும் என்று நம்ப வேண்டாம்

டைப்-சி என்பது ஓட்டையின் வடிவம் மட்டும்தான். அதில் 24 பின் இருக்கிறது. எந்தப் பின்னில் என்ன ஓடும் என்பது கருவியைச் செய்தவர் கையில். டிவிக்குப் படம் போக வேண்டும் என்றால் அந்த ஓட்டையில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு' இருக்க வேண்டும். டாக்குக்குள் இருக்கும் சிப் அந்த டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை எச்டிஎம்ஐ-யாக மாற்றி டிவிக்கு அனுப்புகிறது. கருவியிலிருந்து சிக்னலே வராவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து டாக் வாங்கினாலும் கறுப்புத் திரைதான்.

ஸ்டீம் டெக்கின் எல்சிடி, ஓஎல்இடி இரண்டு மாடலிலும் இது உண்டு. ரோக் ஆலி, எம்எஸ்ஐ கிளா இரண்டிலும் உண்டு. லெனோவோ லீஜியன் கோவில் மேலும் கீழுமாக இரண்டு ஓட்டை, இரண்டிலுமே வரும். நின்டெண்டோ ஸ்விட்ச் லைட்டில் வராது. பிளேஸ்டேஷன் போர்ட்டலிலும் வராது. இந்த இரண்டுக்கும் டாக் கேட்டு வந்தவர்களை நான் வெறுங்கையோடுதான் அனுப்பியிருக்கிறேன்.

சந்தேகம் இருந்தால் டாக் வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் சின்ன வயர் அடாப்டரைத் தெரிந்தவர் யாரிடமாவது இரவல் வாங்கி டிவியில் போட்டுப் பாருங்கள். படம் வந்தால் டாக்கிலும் வரும்.

ஆபீஸ் லேப்டாப்புக்கான டாக் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். நான் முதலில் டெக்குக்கு எடுத்து மாட்டியது அப்படி ஒன்றைத்தான். ஒரு நிறுவனம் காலி செய்தபோது மொத்தமாக எடுத்த சரக்கில் வந்தது. கனமான, நல்ல டாக். கீபோர்டு வேலை செய்தது, மவுஸ் வேலை செய்தது, சார்ஜும் ஏறியது, படம் மட்டும் வரவில்லை. திருப்பிப் பார்த்தால் அடியில் 'டிஸ்ப்ளேலிங்க்' என்று சின்னதாக ஒரு முத்திரை. அந்த வகை டாக் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை எடுத்துக்கொள்வதில்லை. படத்தைச் சுருக்கி சாதாரண யுஎஸ்பி தரவாக அனுப்பும், அதற்குக் கருவியில் டிரைவர் என்ற தனி மென்பொருள் வேண்டும். ஸ்டீம் டெக்கில் ஓடுவது லினக்ஸ் வழிவந்த ஸ்டீம்ஓஎஸ், அந்த டிரைவர் அதில் இல்லை. விண்டோஸ் ஓடும் ஆலியில் டிரைவர் போட்டால் படம் வரும், ஆனால் கேமுக்கு ஆகாது. பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அடி விழுவதற்கும் இடையில் தாமதம் தெரியும். பழைய டாக் மலிவாகக் கிடைக்கிறது என்றால் முதலில் அடியைத் திருப்பி அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

நின்டெண்டோ ஸ்விட்சுக்குத் தனி எச்சரிக்கை

ஸ்விட்சில் டைப்-சி இருந்தாலும் அது டைப்-சி விதிகளை அப்படியே பின்பற்றுவதில்லை. 2018 மார்ச்சில் 5.0 அப்டேட் வந்த பிறகு, வேறு கம்பெனி டாக்கில் போட்ட ஸ்விட்சுகள் சில செத்துப்போன செய்தி உலகம் முழுக்கப் பரவியது. சர்வீஸ் மேசையில் அமர்கிறவனுக்கு இது பழகிய நோய். உள்ளே எம்92டி36 என்று ஒரு பவர் சிப் இருக்கிறது. சார்ஜரோடு பேசி எத்தனை வோல்ட் வேண்டும் என்று கேட்பது அதன் வேலை. நல்ல ஸ்விட்சை அதன் சொந்த சார்ஜரில் மீட்டரோடு போட்டால் 15 வோல்ட்டுக்குத் தாவும். அந்த சிப் போயிருந்தால் 5 வோல்ட்டிலேயே நிற்கும், 0.4 ஆம்பியர் மட்டும் இழுக்கும். அந்த ஒரு காட்சியைப் பார்த்தாலே எனக்கு மனசு கனத்துவிடும். பெட்டியைத் திறந்து, ஹாட் ஏர் வைத்து, சிப்பை மாற்ற வேண்டும். வந்து நிற்பது அநேகமாக ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கும்.

அதனால் ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நின்டெண்டோவின் சொந்த டாக்கை, செகண்ட் ஹேண்டிலாவது பார்த்து வாங்குங்கள். சார்ஜரும் அதனுடையதாகவே இருக்கட்டும். அதில் 15 வோல்ட், 2.6 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும், அந்த 15 வோல்ட் கிடைத்தால்தான் டிவியில் படம் வரும். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 இன்னும் கறார். பழைய ஸ்விட்சின் டாக் அதற்கு ஆகாது. கூடவே வரும் டாக்கையும் 60 வாட் சார்ஜரையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாட் கணக்கு

பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான்.

டாக் பெட்டியில் கொட்டை எழுத்தில் '100 வாட் பிடி' என்று போட்டிருப்பார்கள். பிடி என்றால் பவர் டெலிவரி, டைப்-சியில் மின்சாரம் கொடுக்கும் பொது விதி. டாக்கே 100 வாட் கொடுக்கும் என்று நினைத்துச் சார்ஜர் இல்லாமல் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. டாக் மின்சாரம் தயாரிப்பதில்லை. சார்ஜரிலிருந்து 100 வாட் வரைக்கும் வாங்கிக் கடத்த முடியும் என்பதுதான் அந்த எழுத்துக்கு அர்த்தம். கடத்துவதற்கு முன் தன் பங்கையும் எடுத்துக்கொள்ளும். எச்டிஎம்ஐ சிப், லேன் (நெட் வயர்) சிப், யுஎஸ்பியில் சொருகுகிற பொருள்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 5 முதல் 15 வாட் வரை முன்கூட்டியே ஒதுக்கிவைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் கருவியிடம் "இவ்வளவு இருக்கிறது" என்று சொல்லும். யுஎஸ்பியில் ஒன்றுமே சொருகாவிட்டாலும் அந்த ஒதுக்கீடு அப்படியே இருக்கும்.

ஸ்டீம் டெக்கோடு வருவது 45 வாட் சார்ஜர். பேட்டரி 30 சதவீதத்தில் இருந்தபோது, கேம் ஓடவிட்டு நேரடியாக அளந்தேன். 43 வாட் இழுத்தது. அதே சார்ஜரை டாக்கில் போட்டு, டாக்குக்கும் டெக்குக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். அந்த இடத்தில் வைத்தால் என் மீட்டர் வழியாகப் படம் போவதில்லை, மின்சாரத்தை மட்டும் பார்க்கலாம். 33 வாட் காட்டியது. கனமான கேம் ஓடும்போது எல்சிடி டெக் மொத்தமாக 25 வாட் வரை தின்னும். ஆக 33-இல் விளையாடிக்கொண்டே மெதுவாகச் சார்ஜும் ஏற்றலாம். டெக்குக்கு 45 வாட் சார்ஜரே சமாளித்துவிடும் என்று சொல்வது இதனால்தான். ஆனால் டாக்கில் ஒரு ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தால் இழுபறி ஆகிவிடும், 'சார்ஜர் மெதுவானது' என்று டெக்கே சொல்ல ஆரம்பிக்கும். 65 வாட் சார்ஜர் வாங்கினால் அந்தக் கவலை இல்லை. என் வீட்டில் அதுதான் இருக்கிறது.

ரோக் ஆலிக்குக் கணக்கு இறுக்கம். அதன் முழு டர்போவான 30 வாட் வேண்டும் என்றால் கருவியின் வாசலில் 65 வாட் இருக்க வேண்டும். 65 வாட் சார்ஜரை டாக்கில் போட்டால் வாசலுக்கு 50 சொச்சம்தான் வரும். உடனே அது பேட்டரியில் ஓடும்போது இருக்கும் 25-க்கு இறங்கிவிடும். ஆலி, லீஜியன் கோ மாதிரி 65 வாட் கருவி வைத்திருந்தால் டாக்கோடு 100 வாட் சார்ஜரையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். ஆசுஸ் கம்பெனியே சார்ஜருக்குள் எச்டிஎம்ஐ வைத்து 65 வாட் டாக் ஒன்று விற்கிறது. சின்னது, பயணத்துக்கு நன்றாக இருக்கும்.

சார்ஜர் என்றதும் போன் சார்ஜரை எடுத்து வருவார்கள். "இதுவே 80 வாட்ண்ணே, போதாதா?" அந்த 80 வாட், அந்தக் கம்பெனி போனுக்கு மட்டும் புரிகிற பாஷையில் கிடைப்பது. டாக் பேசுவது யுஎஸ்பி பிடி. அந்தப் பாஷையில் கேட்டால் அதே சார்ஜர் 18 வாட்டோ 30 வாட்டோதான் கொடுக்கும், சிலது பதிலே சொல்லாது. சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் வரிகளைப் படியுங்கள். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று ஒரு வரி இருந்தால் அது 65 வாட். 20 வோல்ட், 5 ஆம்பியர் இருந்தால் 100 வாட். 20 வோல்ட் வரியே இல்லையென்றால் போனுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று ஓட்டை உள்ள சார்ஜரில் இன்னொன்று கவனிக்க வேண்டும். 65 வாட் என்பது எல்லா ஓட்டைக்கும் சேர்த்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கேமின் கடைசிக் கட்டத்தில் வரும் பெரிய அரக்கனோடு மோதிக்கொண்டிருந்தாள். வீட்டம்மா தன் போனை அதே சார்ஜரின் இரண்டாவது ஓட்டையில் சொருகினாள். டிவி ஒரு விநாடி கறுப்பாகி மறுபடி வந்தது. அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. புதிதாக ஒன்றைச் சொருகினால் சார்ஜர் எல்லா ஓட்டைக்கும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மறுபடி பங்கு பிரிக்கும். டாக்குக்கு ஒற்றை ஓட்டை சார்ஜர்தான் நல்லது.

இனி வயர். சாதாரண டைப்-சி வயர் 3 ஆம்பியர்தான் தாங்கும், 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் போக வேண்டும் என்றால் வயரின் தலைக்குள் 'ஈ-மார்க்கர்' என்ற சின்னச் சிப் இருக்க வேண்டும். அது "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சார்ஜரிடம் சொல்லும். சொல்லாவிட்டால் 100 வாட் சார்ஜரும் 60-இல் நின்றுகொள்ளும். கரண்ட் கூடி வயர் எரியாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. மேலே சொன்ன பையனுக்கு நடந்தது இதுதான்: 60 வந்தது, டாக் தன் பங்கை எடுத்தது, ஆலிக்கு 45 சொச்சம்தான் போய்ச் சேர்ந்தது. '100 வாட்' அல்லது '240 வாட்' என்று வயரின் தலையிலேயே அச்சிட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

சில டாக்கில் கருவிக்குப் போகும் வயரும் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கும். அந்த வயர் அறுந்துபோய்ச் சார்ஜர் வயரை அங்கே மாட்டினால் படம் வராது. சார்ஜர் வயரில் மின்சாரத்துக்கும் யுஎஸ்பி 2 வேகத்துக்கும் மட்டும்தான் கம்பி ஓடுகிறது. வீடியோ போகும் என்று குறிப்பிட்டு விற்கும் வயர் தனி, தடிமனாக இருக்கும், நீளம் குறைவு. உடைந்தால் மாற்றலாம் என்பதற்காக நான் இந்த வகை டாக்கைத்தான் விரும்புகிறேன். பெட்டியில் வந்த வயரைக் கலந்துவிடாமல் ஒரு சிவப்பு டேப் ஒட்டி வையுங்கள்.

டிவி, 4கே, 60

டெக்கின் திரையில் 1280-க்கு 800, ஏறக்குறைய பத்து லட்சம் புள்ளிகள். 4கே டிவியில் அதைப்போல் எட்டு மடங்கு. டெக்கின் சிப்பால் பெரிய கேம் எதையும் 4கே-யில் ஓட்ட முடியாது. 1080பி-யில் ஓட்டி டிவியைப் பெரிதாக்கச் சொன்னாலே ஹாலில் ஆறடி தள்ளி உட்கார்ந்து பார்க்கப் போதும். 1080பி டிவிதான் இருக்கிறது என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம், எந்த டாக்கும் சரி.

4கே டிவி என்றால் பெட்டியில் '4கே' என்பதற்குப் பக்கத்தில் எந்த எண் என்று பாருங்கள். '4கே 30 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். விநாடிக்கு 30 படம்தான் போகும். டெஸ்க்டாப்பில் மவுஸ் அம்பை வட்டமாகச் சுழற்றினால் அது வழுக்கிப் போகாமல் தாவித் தாவிப் போகும், கண்ணுக்கே தெரியும். அந்த டாக்கை 1080பி-க்கு மாற்றினால் 60 வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் யார் மாற்றிக்கொண்டிருப்பது?

30-இல் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. டைப்-சியில் வேகப் பாதைகள் நான்கு. வேகமான யுஎஸ்பியும் வேண்டும், படமும் வேண்டும் என்றால் டாக் இரண்டைப் படத்துக்கும் இரண்டை யுஎஸ்பிக்கும் பிரிக்கும். பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 சிப் போட்ட டாக்கில் இரண்டு பாதையில் 4கே 30-க்கு மேல் நுழையாது. 1.4 சிப் போட்ட டாக்கில் அதே இரண்டு பாதையில் 4கே 60 போய்விடும். ஸ்டீம் டெக் 1.4 கொடுக்கிறது, ஆலியும் கொடுக்கிறது, டாக்கும் அதை வாங்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். 'எச்டிஎம்ஐ 2.0, 4கே 60 ஹெர்ட்ஸ்' என்று தெளிவாக எழுதியிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். எச்டிஎம்ஐ 2.1, 4கே 120 என்று கூடுதல் விலை கேட்பதற்கு டெக்கைப் பொறுத்தவரை அவசியமே இல்லை.

டாக் சரியாக இருந்தும் 60 வராவிட்டால் டிவியைப் பாருங்கள். எச்டிஎம்ஐ போர்ட்டை முழு வேகத்துக்குத் திறக்கும் செட்டிங் பல டிவிகளில் மூடியே வரும். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'அல்ட்ரா எச்டி டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்' என்று இருக்கும். திறந்ததோடு 'கேம் மோடு' என்பதையும் போடுங்கள், பட்டன் தாமதம் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும்.

மற்ற ஓட்டைகள்

யுஎஸ்பி இரண்டோ மூன்றோ போதும். எண்ணிக்கையைவிட எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ஒயர்லெஸ் கண்ட்ரோலரின் சின்ன டாங்கிளை யுஎஸ்பி 3 ஓட்டையில், வேலை செய்யும் ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் சொருகினால் கண்ட்ரோலர் விட்டு விட்டு வேலை செய்யும். யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும், டாங்கிள் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். அரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

லேன் வேண்டும் என்றால் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், 100 எம்பிபிஎஸ் போட்டு விற்பதும் இருக்கிறது. வீட்டு இணைப்பே 100 எம்பிபிஎஸ் என்றால் டவுன்லோடில் வித்தியாசம் வராது. ஆனால் வீட்டில் கம்ப்யூட்டரிலும் ஸ்டீம் (வால்வின் கேம் கடை மென்பொருள்) இருந்தால், அதிலிருந்து டெக்குக்குக் கேமை வீட்டு நெட்வொர்க்கிலேயே நகலெடுக்கலாம், 2023-இலிருந்து அந்த வசதி இருக்கிறது. 60 ஜிபி கேம் 100 எம்பிபிஎஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். கிகாபிட்டில் டீ போட்டுக் குடிப்பதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும்.

டாக்கில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கில் கேம் வைக்காதீர்கள். நம் ஊரில் கரண்ட் போய் வரும், இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் டாக் அணைந்து எழும். டெக்குக்குப் பேட்டரி இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது, டிஸ்க் மட்டும் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கப்படும். மகள் விளையாடிச் சேமித்துவைத்த ஆட்டம் ஒன்று அப்படித்தான் போனது. கேம்கள் மெமரி கார்டில் இருக்கட்டும்.

அமெரிக்காவிலிருந்து வந்த டெக் சார்ஜரின் தட்டைப் பின் நம் பிளக்கில் தளர்வாக நிற்கும், லேசாகத் தட்டினாலே தீப்பொறி. உறுதியான மாற்றுப் பிளக் போடுங்கள். இரண்டு பின் சார்ஜரோடு அலுமினிய உடம்பு டாக்கைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருப்பதைப் பலர் கேட்டிருக்கிறார்கள். எர்த் உள்ள மூன்று பின் சார்ஜர் போட்டால் பெரும்பாலும் அது போய்விடும்.

வடிவம்

டெக்கின் டைப்-சி ஓட்டை தலையில் இருக்கிறது, ஆலியிலும் அப்படித்தான். அதனால் டாக்கில் உட்காரவைத்து, பின்னாலிருந்து ஒரு வயரைக் கொண்டுவந்து மேலே சொருகுவோம். வயர் குட்டையாக இருந்தால் ஓட்டையின் மேல் எப்போதும் இழுப்பு இருக்கும், ஒரு வருடத்தில் ஓட்டை ஆட ஆரம்பித்துவிடும். கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் கருவியை உறையோடு வைத்து, வயர் வளைந்து தளர்வாக நிற்கிறதா என்று பாருங்கள். உறையோடு பள்ளத்தில் இறங்குகிறதா என்பதையும் பாருங்கள், டெக்குக்கென்று செய்த டாக்கில் ஆலியின் தடித்த உறை சிக்கும். டெக் முதுகு வழியாகக் காற்றை இழுத்துத் தலை வழியாக விடுகிறது. முதுகை ஒட்டி மூடும் டாக் வேண்டவே வேண்டாம்.

வால்வ் கம்பெனியின் சொந்த டாக் 2022 அக்டோபரில் வந்தது. எச்டிஎம்ஐ 2.0, டிஸ்ப்ளேபோர்ட் 1.4, யுஎஸ்பி மூன்று, கிகாபிட் லேன், கூடவே சார்ஜரும் உண்டு. நல்ல டாக், டாக்குக்கும் அப்டேட் வருகிறது. ஆனால் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, இறக்குமதி விலையில் ஒரு வெளிக் கம்பெனி டாக்கும் 65 வாட் சார்ஜரும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். நான் 3,200 ரூபாய்க்கு வாங்கிய ஆறு ஓட்டை டாக் இரண்டு வருடமாக ஓடுகிறது.

வந்த அன்றே பார்த்துவிடுங்கள்

பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும். முதலில் சார்ஜரை டாக்கில், அப்புறம் டிவியை, கடைசியில் கருவியை என்ற வரிசையில் மாட்டுங்கள். கருவியின் டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெசல்யூஷனும் ஹெர்ட்ஸும் பெட்டியில் சொன்னபடி இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் என்றால் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' என்ற இடத்தில் இருக்கும். டெக்கில் ஒவ்வொரு கேமின் பிராப்பர்ட்டீஸிலும் ரெசல்யூஷன் தனியாக இருக்கிறது. அதை மாற்றாவிட்டால் டிவியிலும் 800 வரியிலேயே ஓடும், பாவம் டாக்கைத்தான் குறை சொல்வார்கள்.

அப்புறம் கனமான கேம் ஒன்றை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். யுஎஸ்பி ஓட்டை எல்லாவற்றிலும் ஏதாவது சொருகி வைத்து ஓட்டுங்கள். ஆரம்பத்தில் பேட்டரி எத்தனை சதவீதம், முடிவில் எத்தனை என்று எழுதுங்கள். ஏறியிருந்தால் வாட் போதும். இறங்கியிருந்தால் டாக்கைத் திருப்புவதற்கு முன் வயரை மாற்றி, அப்புறம் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். உடம்பு கதகதப்பாக இருப்பது இயல்பு, கை வைக்க முடியாத சூடு இயல்பில்லை. திரை இடையிடையே கறுப்பானால் எச்டிஎம்ஐ வயரையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டு, அப்போதும் சரியாகாவிட்டால் திருப்பிவிடுங்கள்.

அந்தப் பையன் மூன்று டாக்கில் வயர் நீளமான ஒன்றை வைத்துக்கொண்டான். மற்ற இரண்டும் ஹாஸ்டலில் விலை போய்விட்டதாகப் பொங்கலுக்கு வந்தபோது சொன்னான். 5 ஆம்பியர் வயருக்கு அவனிடம் நான் வாங்கியது 450 ரூபாய்.